‘கோல்டு’ பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அங்கத்தில் படைப்பாளர் ஆற்றிய உரையும், நேயர்களின் கேள்விகளுக்கு அளித்த விளக்கமும் எழுத்து வடிவில்)



இணையத்தில் துப்பாக்கிச் சுடும் விளையாட்டு ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால், ‘ரேங்க்’ என்ற சொல் உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. ‘சில்வர்லயே மாட்டிக்கிட்டேன்’, ‘இன்னும் ரெண்டு ஆட்டம் ஜெயிச்சா கோல்டு’, ‘டீம் சரியில்ல, அதான் இறங்கிட்டேன்’ என்று பூட்டிய அறைக்குள்ளிருந்து சத்தம் வரும். பெற்றோருக்கு அது புரியாத மொழி. பிள்ளைக்கோ அது தேர்வு முடிவு நாளைப் போல நெஞ்சை அழுத்தும் விஷயம்.

இந்த அங்கத்துக்காக நேயர்களைச் சந்தித்தபோது ஒரு தாயார் என்னிடம் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். “தம்பி, எம்பையன் நாலு மாசமா சில்வர், சில்வர்னு புலம்பிக்கிட்டே இருந்தான். ஒருநாள் பாத்தா எவனுக்கோ 150 வெள்ளி அனுப்பியிருக்கான். அவன் இவனோட கணக்குல விளையாடி, ரேங்க்க ஏத்திக் குடுப்பானாம். ஏறத்தான் செஞ்சுச்சு. ரெண்டே வாரத்துல பழைய எடத்துக்கே வந்திருச்சு. காசு போனாப் போகுது. கேம் கம்பெனிக்காரன் வேணும்னே அமுக்குறான்னு சொல்லிக்கிட்டு, இப்ப யார்கிட்டயும் சரியாப் பேசுறதே இல்ல.”

ஏறிய ரேங்க் ஏன் இரண்டே வாரத்தில் இறங்கியது? யாரும் அமுக்கவில்லை. கணக்கு தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

கதை சதுரங்கப் பலகையில் தொடங்குகிறது. ஹங்கேரியில் 1903ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, மில்வாக்கி நகரில் இயற்பியல் கற்பித்தவர் பேராசிரியர் ஆர்பாட் எலோ. நல்ல சதுரங்க ஆட்டக்காரரும்கூட. ஆட்டக்காரர்களைத் தரப்படுத்த அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960லும், அனைத்துலகச் சம்மேளனமான ஃபிடே 1970லும் ஏற்றுக்கொண்டன. ‘எலோ’ என்பதை ஏதோ ஆங்கிலச் சுருக்கம் என்று நினைக்கும் இளையர்கள் ஏராளம். அது ஒரு மனிதரின் பெயர்.

எலோவின் முறைப்படி ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் எண் உண்டு. இருவர் மோதும்போது, அவர்களின் எண்களுக்கு இடையிலான வித்தியாசம், யார் எத்தனை முறை வெல்லக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். எண்கள் சமம் என்றால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், வலியவர் நூற்றுக்குச் சுமார் 76 ஆட்டங்களை வெல்ல வேண்டும். 400 புள்ளி என்றால் 91.

ஆட்டம் முடிந்ததும் புள்ளிகள் கை மாறும். ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 20 புள்ளி கை மாறலாம் என்று வைத்துக்கொள்வோம். 1,700 புள்ளிக்காரர் 1,500 புள்ளிக்காரரை வென்றால் அவருக்குக் கிடைப்பது 4.8 புள்ளி மட்டும். எதிர்பார்த்ததுதானே நடந்திருக்கிறது. தோற்றுவிட்டாலோ 15.2 புள்ளி பறிபோகும்.

இப்போது ஒரு சின்னக் கூட்டல் போட்டுப் பாருங்கள். அந்த 1,700 புள்ளிக்காரர் அதே தரத்தவரோடு நூறு ஆட்டம் ஆடி, 76ல் வென்று 24ல் தோற்கிறார். வென்றதில் வரவு சுமார் 365. தோற்றதில் செலவும் சுமார் 365. நூற்றுக்கு 76 வெற்றி பெற்றும் அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்! ஏனென்றால் இந்த எண் பரிசுப் பணத்தைப் போலச் சேர்ந்துகொண்டே போவதில்லை. இது ஓர் எதிர்பார்ப்பு. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால்தான் ஏறும். எதிர்பார்த்தபடியே ஆடினால் அசையாது.

நம் சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு இதை விளக்குவது எளிது. பிஎஸ்எல்இ தேர்வில் 2020ஆம் ஆண்டு வரை இருந்த டி-ஸ்கோரை நினைத்துப் பாருங்கள். பிள்ளை எத்தனை மதிப்பெண் எடுத்தது என்பதோடு, மற்ற பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே அது கணக்கிட்டது. எல்லாரும் நன்றாகச் செய்தால் உங்கள் பிள்ளையின் நல்ல மதிப்பெண்ணும் சாதாரணமாகிவிடும். 2021ல் அதை மாற்றி, பிள்ளையின் சொந்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். விளையாட்டு உலகம் இன்னும் டி-ஸ்கோர் காலத்தில்தான் இருக்கிறது. உங்கள் மகன் ஆறு மாதம் பயிற்சி செய்து முன்னேறியிருக்கலாம். அவனோடு மோதுகிறவர்களும் அதே ஆறு மாதம் பயிற்சி செய்திருக்கிறார்கள்.

சரி, சதுரங்கத்துக்கு வகுத்த முறை துப்பாக்கி விளையாட்டுக்குள் எப்படி வந்தது?

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ ஆடுவதற்கு லேன் கடைக்குத்தான் போகவேண்டும். (பள்ளி நேரத்தில் சீருடையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.) அந்த விளையாட்டு 1999ல் ‘ஹாஃப்-லைஃப்’ என்ற மற்றொரு விளையாட்டின்மேல் ரசிகர்கள் கட்டிய மாற்றமாகப் பிறந்து, 2000ல் வால்வ் நிறுவனத்தின் வெளியீடானது. அப்போது எங்களுக்கு ரேங்க் எதுவும் கிடையாது. தேவையும் இல்லை. கடையில் மூலை இருக்கையில் உட்காருகிறவர் யார், அவரிடம் யார் நிற்கமுடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். முகம் தெரியாத ஐவரை இணையத்தில் வேறு ஐவரோடு மோதவிட வேண்டும் என்று வந்தபோதுதான், கடைக்காரருக்குத் தெரிந்திருந்ததைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் தேவை எழுந்தது.

இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, எலோ முறை இருவருக்கானது. ஐவர் சேர்ந்து வெல்லும்போது யாருக்கு எவ்வளவு பங்கு? இரண்டாவது, புதிதாக வந்தவரைப் பற்றிக் கணினிக்கு எதுவுமே தெரியாதே!

இரண்டாவது சிக்கலுக்கு வழி காட்டியவர் மார்க் கிளிக்மன் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர அறிஞர். ஒருவருக்கு ஓர் எண் மட்டும் போதாது, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இன்னோர் எண்ணும் வேண்டும் என்றார். 1995ல் அவர் வகுத்த கிளிக்கோ முறையின் சாரம் அதுதான். அடுத்து, எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவைக்காக மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம் ‘டுரூஸ்கில்’ என்ற முறையை உருவாக்கியது. 2007ல் வெளிவந்த ‘ஹேலோ 3’ அதைப் பயன்படுத்தியது. குழு ஆட்டத்தையும் கணக்கிடக்கூடிய முறை அது.

டுரூஸ்கில் செய்யும் ஒரு வேலை மிகவும் சுவாரசியமானது. புதியவர் ஒவ்வொருவருக்கும் அது 25 என்ற மதிப்பீட்டையும், சுமார் 8.3 என்ற சந்தேகத்தையும் தருகிறது. திரையில் காட்டுவதோ, மதிப்பீட்டிலிருந்து சந்தேகத்தை மூன்று மடங்கு கழித்து வரும் எண்ணை. 25லிருந்து 25ஐக் கழித்தால் பூச்சியம்! ஆட ஆடச் சந்தேகம் குறையும். அதனால் திறமை கொஞ்சமும் மாறாமல் இருந்தாலும் திரையில் தெரியும் எண் மட்டும் ஏறும். தொடக்க வாரங்களில் விறுவிறுவென்று ஏறியவர்கள் பிறகு திடீரென்று ‘நின்றுபோவது’ போல உணர்வதற்கு இந்த மாதிரிக் கணக்கு ஒரு காரணம். கணினி உங்களை அறிந்துகொள்ளும்வரை புள்ளிகள் தாவும். அறிந்துகொண்ட பிறகு அங்குலம் அங்குலமாகத்தான் நகரும்.

இனி நம் வட்டாரத்து இளையர்கள் விரும்பி ஆடும் ‘வேலோரண்ட்’ விளையாட்டுக்கு வருவோம். ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூன் மாதம் வெளியிட்டது. அதில் அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், அசெண்டன்ட், இம்மோர்டல் என்று எட்டுப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் மூன்று படிகள். எல்லாவற்றுக்கும் மேலே ரேடியன்ட். அது வட்டாரத்தின் முதல் 500 பேருக்குள் வருகிறவர்களுக்கு மட்டும். இம்மோர்டலுக்குக் கீழே ஒரு படி ஏற 100 புள்ளி வேண்டும்.

பிள்ளைகள் கண்ணில் படுவது இவ்வளவுதான். ஆனால் ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பது இந்தப் பட்டையை வைத்து அல்ல. உள்ளே இன்னோர் எண் இருக்கிறது, திரையில் காட்டமாட்டார்கள். எதிராளியைத் தேடித்தருவது அந்த மறைவான எண்தான். நகைக்கடை வாசலில் மின்னும் விளக்கு வேறு, உள்ளே முதலாளி பூட்டிவைத்திருக்கும் கணக்குப் புத்தகம் வேறு, இல்லையா? அப்படித்தான் இதுவும்.

இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். மறைவான எண் உங்கள் பட்டையைவிட உயரத்தில் இருந்தால், வெல்லும்போது அதிகமாகவும் தோற்கும்போது குறைவாகவும் புள்ளி மாறும். தாழ்வாக இருந்தால் நேர்மாறு. வெற்றிக்கு 15ம் தோல்விக்கு 25ம் என்று நடந்துகொண்டிருந்தால், ‘நீ இப்போது நிற்கும் படி உனக்குச் சற்று அதிகம்’ என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது என்று பொருள். புதிய பருவம் தொடங்கும்போது பட்டையைக் கீழே இறக்கி, மீண்டும் ஏறச் சொல்வார்கள். மறைவான எண்ணை அப்போதும் முழுவதுமாக அழிப்பதில்லை.

என் கருத்தைக் கேட்டால், அந்த எண்ணையும் காட்டிவிடுவதே நியாயம். பட்டை ஏறுவதும் இறங்குவதும் மீண்டும் ஏறுவதும் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வரவழைக்கிறது என்பது நிறுவனங்களுக்குத் தெரியாததல்ல. 2023 செப்டம்பரில் வந்த ‘கவுண்டர்-ஸ்ட்ரைக் 2’ இந்த விஷயத்தில் ஓரளவு பரவாயில்லை. அதன் பிரிமியர் பிரிவில் பட்டைக்குப் பதில் நேராக எண்ணையே காட்டுகிறார்கள். வென்றால் இத்தனை, தோற்றால் இத்தனை என்பதும் ஆட்டம் தொடங்கும் முன்பே திரையில் வந்துவிடும்.

‘நான்தான் அதிகம் பேரைச் சுட்டேன், எனக்கு ஏன் புள்ளி இறங்குகிறது?’ என்று ஒரு மாணவர் கேட்டார். சுட்ட எண்ணிக்கைக்கே புள்ளி என்று வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? குண்டு வைப்பது, கூட்டாளிக்குக் காவல் நிற்பது, துப்பாக்கி வாங்கிக் கொடுத்து உதவுவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆளாளுக்கு வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். அணி தோற்றாலும் பரவாயில்லை, என் சதம் முக்கியம் என்று மட்டை பிடிக்கும் கிரிக்கெட் வீரரைப் போல. அதனால்தான் வெற்றி தோல்விக்கே பெரும்பங்கு. 2018ல் வந்த டுரூஸ்கில் 2, வேலோரண்ட் ஆகியவை தனிநபர் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன என்றாலும், அது கூடுதல் குறிப்புதான்.

சரி, அந்த நாலு மாதப் புலம்பலுக்கு வருவோம். கணினியின் வேலையே உங்களுக்குச் சமமான எதிராளியைத் தேடித்தருவது. சமமானவர்களோடு ஆடினால் வெற்றி தோல்வி பாதிக்குப் பாதியாகத்தான் இருக்கும். இதைப் பார்த்துத்தான், ‘நிறுவனம் வேண்டுமென்றே என்னை 50 விழுக்காட்டில் நிறுத்துகிறது’ என்று இளையர்கள் கோபப்படுகிறார்கள். சரியான இடத்தைக் கணினி கண்டுபிடித்துவிட்டால் கணக்கு அப்படித்தான் வரும். சதி செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

கொஞ்சம் முன்னேறியவரின் நிலையைப் பாருங்கள். நூறு ஆட்டத்தில் 53 வெற்றி, 47 தோல்வி. வெற்றி தோல்விக்குத் தலா 20 புள்ளி என்றால், நிகரமாக ஆறு வெற்றி, 120 புள்ளி. அதாவது ஒரு படியும் இன்னும் கொஞ்சமும். ஓர் ஆட்டத்துக்கு 35 நிமிடம் என்று கணக்குப் போட்டால் நூறு ஆட்டத்துக்கு 58 மணி நேரத்துக்கும் மேல்! அந்த 53 வெற்றிகூட முன்னேற்றம்தான் என்று அடித்துச் சொல்லமுடியாது. ஒரு காசை நூறு முறை சுண்டினாலும் 53 தலை விழுவது சர்வசாதாரணம்.

தொடர் தோல்வியும் அப்படியே. ‘அஞ்சு ஆட்டம் வரிசையா தோத்துட்டேன், ஏதோ கோளாறு’ என்பார்கள். நூறு முறை காசு சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து முறை பூ விழுவதற்கான வாய்ப்பு சுமார் 81 விழுக்காடு. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

‘டீம் சரியில்லை’ என்ற பழியையும் கொஞ்சம் விசாரிப்போம். உங்கள் அணியில் உங்களைத் தவிர நான்கு அந்நியர்கள். எதிரணியில் ஐந்து அந்நியர்கள். சரியாக ஆடாதவர், நடுவில் ஓடிப்போகிறவர், சண்டை இழுக்கிறவர் இவர்களெல்லாம் குலுக்கல் முறையில் வந்து சேருகிறார்கள் என்றால், உங்கள் பக்கம் வருவதைவிட எதிர்ப்பக்கம் போவதற்குத்தான் இடம் அதிகம். நீங்களே அந்த ஆளாக இல்லாதவரை! ஓர் ஆட்டத்தில் டீமைக் குறை சொல்லலாம், நியாயம் இருக்கலாம். முந்நூறு ஆட்டத்துக்குப் பிறகும் அதையே சொன்னால் எடுபடாது. எல்லா ஆட்டத்திலும் இருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

இப்போது அந்த 150 வெள்ளி. காசு வாங்கியவர் பையனைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர். பையனின் கணக்கில் ஆடி, வரிசையாக வெல்கிறார். பட்டை ஏறுகிறது, கூடவே மறைவான எண்ணும் ஏறுகிறது. வேலை முடிந்ததும் கணக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த ஆட்டத்தில் கணினி யாரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தும்? கெட்டிக்காரருக்குச் சமமானவர்களை. பையனால் தலையைத் தூக்கமுடியாது. தோற்கிறான், மீண்டும் தோற்கிறான். பழைய எண்ணுக்கு இறங்கி வரும்வரை கணினி அவனை அப்படியே ஆடவைக்கும். 150 வெள்ளிக்கு அவன் வாங்கியது இரண்டு வாரத் தொடர் தோல்வி. அவனோடு சேர்ந்து ஆடிய நான்கு நான்கு பேரும் தங்கள் புள்ளியை இழந்திருப்பார்கள். கடவுச்சொல்லை அந்நியரிடம் கொடுத்ததால் கணக்கே களவு போகும் அபாயம் வேறு. பிறருக்குக் கணக்கைக் கொடுப்பது விதிமீறல் என்பதால் நிறுவனமே அதை முடக்கவும் கூடும்.

தென்கொரியாவில் இதைச் சட்டமாகவே தடுத்துவிட்டார்கள். காசுக்கு ரேங்க் ஏற்றித்தருவதைத் தொழிலாகச் செய்தால் ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டு கோடி வொன் வரை அபராதம். 2018 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம், 2019 நடுப்பகுதியில் நடப்புக்கு வந்தது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் ஏமாற்று உண்டு. கெட்டிக்காரர் புதுக் கணக்கு திறந்து, புதியவர்களுக்கு நடுவே இறங்கி விளாசுவது. ‘ஸ்மர்ஃப்’ என்பார்கள். 1990களில் ‘வார்கிராஃப்ட் 2’ ஆடிய இருவர், தங்களை யாரும் அடையாளம் காணாதிருக்க ஸ்மர்ஃப் என்ற கேலிச்சித்திரப் பாத்திரங்களின் பெயரில் ஒளிந்து ஆடியதால் வந்த பெயர். சந்தேக எண் பற்றிச் சொன்னேனே, இங்கே அது உதவுகிறது. புதுக் கணக்கின் மேல் சந்தேகம் அதிகம் என்பதால், சில அபார வெற்றிகளிலேயே கணினி அவரை மேலே தள்ளிவிடும். அதற்குள் மாட்டிக்கொள்ளும் புதியவர்கள் பாடுதான் பாவம்.

‘என் பையன் டைமண்ட், தொழில்முறை ஆட்டக்காரர் ஆகலாமா?’ என்று ஒரு தந்தை கேட்டார். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட பேப்பர் ரெக்ஸ் அணி 2025 ஜூன் மாதம் டோராண்டோவில் நடந்த வேலோரண்ட் மாஸ்டர்ஸ் போட்டியில் வாகை சூடியதால் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. டைமண்டுக்கும் ரேடியன்டுக்கும் நடுவே இரண்டு பட்டைகள் இருக்கின்றன. ரேடியன்ட் ஆன பிறகும், ஐவராகச் சேர்ந்து மாதக்கணக்கில் பயிற்சி செய்ய முடியுமா என்பதை எந்த எண்ணும் அளப்பதில்லை. அணிகள் அதை நேரில் ஆடவைத்துத்தான் பார்க்கின்றன.

பெற்றோரிடமிருந்து வந்த கடைசிக் கேள்வி: “சாப்பிடக் கூப்பிட்டா ‘இப்ப வரமுடியாது’ங்கிறானே, நிறுத்திட்டு வரக் கூடாதா?” அதில் மட்டும் பிள்ளை சொல்வது உண்மை, அம்மா. ரேங்க் ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்க முடியாது. விட்டுவிட்டு எழுந்து வந்தால் தற்காலிகத் தடை, புள்ளி இழப்பு. நான்கு பேர் ஆளில்லாமல் தவிப்பார்கள். வேலோரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 இரண்டிலும் முதலில் 13 சுற்று வெல்லும் அணிக்கே வெற்றி. திரையின் மேற்பகுதியில் இரண்டு எண்கள் தெரியும். 11க்கு 5 என்றிருந்தால் சோற்றைப் போட்டு வையுங்கள், பத்து நிமிடத்தில் வந்துவிடுவான். 3க்கு 2 என்றால் நீங்கள் முதலில் சாப்பிட்டுவிடுங்கள். 12க்கு 12 என்றால் கூடுதல் சுற்றுக்குப் போகும், எப்போது முடியும் என்று அவனுக்கே தெரியாது. கூப்பிட வேண்டிய நேரம், ஆட்டம் முடிந்து அடுத்ததற்கு அவன் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் இருக்கும் அந்த அரை நிமிடம்.